மோட்டாருக்கு ஒரு உருண்டை சந்தனம்

விழுப்புரத்துத் தாண்டவராயனுக்குப் பெயர் வைத்தவர்கள் சிதம்பரத்தை நினைத்துக்கொண்டு வைத்தார்கள். அவர் வளர்ந்து கருப்புச் சட்டை போட்டு, சிவன் ஆடுகிறார் என்பதையே ஒப்புக்கொள்ளாத ஆளாக ஆனார். மோட்டார் ஆடினால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. பெயரை நல்ல தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தடவை முயன்றதுண்டு. ஆனால் வயர்மேன் லைசென்சில் தாண்டவராயன் என்று ஏறிவிட்டிருந்தது. லைசென்சை மாற்ற அலைவதைவிட நடராசரைப் பொறுத்துக்கொள்வது சுலபம் என்று விட்டுவிட்டார்.

வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உடைத்துப் பருப்பெடுக்கும் மில் ஒன்றில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். காலை பாசஞ்சரில் கருப்புச் சட்டையோடு போவார். மில்லில் காக்கிக்கு மாறுவார். மாலை பாசஞ்சரில் மறுபடி கருப்பு. கரி எஞ்சின் கக்கும் புகையில் மற்றவர்கள் சட்டையெல்லாம் நாறிப்போகும்போது இவர் சட்டையில் ஒன்றும் தெரியாது. கொள்கைக்குப் புறம்பாகக் கிடைத்த உபகாரம் அது ஒன்றுதான்.

ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஓடு போட்ட ஒரே அறையில் படிப்பகம் இருந்தது. அதற்கு ஒயர் இழுத்து விளக்குப் போட்டவர் அவர்தான். ஆனால் அங்கே அவருக்கு இருந்த மரியாதை விளக்கால் வந்ததல்ல. தினமும் ரயிலிலிருந்து இறங்கி நேராக அங்கே போய், பதினைந்து இருபது பேருக்கு நடுவில் நின்று செய்தித்தாளை உரக்க வாசிப்பார். தலையங்கம் வாசித்தால் மேடைப் பேச்சு போல இருக்கும். மல்லாட்டை விலை நிலவரத்தை வாசித்தால்கூட, ஏதோ உரிமை பறிபோய்விட்டது போலக் கேட்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் கையில் பேப்பரை வைத்துக்கொண்டு அவர் வாசிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தை அவர் உயிரோடு கழித்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் சந்தனத்தால் ஆபத்து வந்தது.

மில்லில் மூன்று மோட்டார்கள். பெரியவன், நடுவன், சின்னவன் என்று கூலியாட்கள் பெயர் வைத்திருந்தார்கள். மூன்றுக்கும் எமன் ஒருவன்தான்: சூடு. பேரிங்கில் கிரீஸ் காய்ந்தாலும் சூடு; உள்ளே தூசி அடைத்தாலும் சூடு; செம்புக் கம்பிச் சுருளின் மேல்பூச்சு கெட்டாலும் சூடு. சூடு முற்றினால் ஒரு நாள் குப்பென்று புகை வரும். பிறகு சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற ஒரு மாதம். மல்லாட்டைக் காலத்தில் ஒரு மாதம் மில் நின்றால் முதலாளி புலம்புவதைக் கேட்கக் காது வேண்டும்.

சூடு பார்க்க அந்தக் காலத்தில் இருந்த கருவி புறங்கை. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது போலத் தொட வேண்டும். உள்ளங்கையால் தொட்டு, மின்சாரம் கசிந்திருந்தால், கை தானாக மூடிக்கொண்டு மோட்டாரை விடாது. புறங்கை என்றால் உதறித் தள்ளும். எல்லா மில்லிலும் இதுதான் வைத்தியம். தாண்டவராயனுக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. "கை சூடா இருக்குதுன்னு சொல்லும். எந்த எடத்துலன்னு சொல்லாது. சித்திரை வெயில்ல எதைத் தொட்டாலும் சூடாத்தான் இருக்குது, மொதலாளி தலை உள்பட" என்பார்.

முதலாளி சீனுவாசன் நெற்றி நிறைய நாமம் போடுகிறவர். நல்ல மனிதர்; தன் ஆள் நாத்திகன் என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு, ஆனால் நாத்திகன் கிரீஸ் திருடமாட்டான் என்பதில் நம்பிக்கையும் உண்டு. ஐம்பத்தாறாம் வருஷம் ஆயுத பூஜையன்று அவர் ஒரு பித்தளைக் கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு வந்து நின்றார்.

"தாண்டவராயா, மிஷினுக்கு வருஷத்துல ஒரு நாள் மரியாதை பண்ணணும்டா."

"எண்ணெய் போட்டாப் போதும் மொதலாளி. அதுக்கு அதான் மரியாதை."

"எண்ணெய் நீ போடு. சந்தனம் நான் குடுக்கறேன். ஆனா பூசறது உன் கை. மத்தவன் கைய வெச்சா எங்கனா ஷாக் அடிச்சுக்கினு வுழுவான்."

இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. மறுப்பைக் கையால் காட்டினார். சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டையைக் கொண்டுவந்து, கிண்ணத்தில் தோய்த்து, நாலு பொட்டு வைக்க வேண்டிய இடத்தில் மூன்று மோட்டார்களுக்கும் உடம்பு முழுக்க வெள்ளையடிப்பது போல அடித்தார். இதைவிட அலட்சியமாக ஒரு பூஜையை யாரும் செய்ய முடியாது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு பொட்டு வெச்சா அதிகம்னு நெனைச்சேன். ஒடம்பு பூரா அபிஷேகமே பண்ணிட்டியேடா!"

பூஜை முடிந்து, சகுனத்துக்காக மோட்டார்களைச் சற்று நேரம் ஓட்டினார்கள். தாண்டவராயன் வேறு வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவன் உடம்பில் எங்கும் சந்தனம் ஈரமாக இருக்க, பெல்ட் பக்கத்து முனையில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்தது. பிறகு வெடித்தது. பிறகு அப்பளம் போலச் சுருண்டு கீழே விழுந்தது. புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கைக்கு எல்லா இடமும் ஒரே சூடாகத்தான் பட்டது. மறுநாள் அந்த முனையைக் கழற்றினால், பேரிங்குக்குள் கிரீஸ் காய்ந்து மெழுகாகி, குண்டுகள் நீலம் பாய்ந்து கிடந்தன. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் சின்னவன் செத்திருப்பான்.

அன்று முதல் தாண்டவராயன் மாறிப்போனார். வெள்ளிக்கிழமை காலையில் பெல்ட் மாற்றுவதற்காக மோட்டார்கள் நின்று ஆறியிருக்கும். அப்போது மெல்லிசாக, ஒரே சீராக மூன்றுக்கும் பூசி, ஓட்டிவிட்டு, எதிரில் குந்திக்கொள்வார். எங்கே முதலில் வெளுக்கிறதோ அங்கே உள்ளே ஏதோ இருக்கிறது. வெளுத்த இடத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைப்பார், ஞாயிற்றுக்கிழமை கழற்றும்போது இடம் மறந்துவிடக்கூடாதே என்று. சாக்கட்டி சந்தனத்தின் மேல் எழுதாது, குங்குமம் ஒட்டும்.

வேறு பொருள் கிடைக்காமல் இல்லை. எல்லாவற்றையும் முயன்றுதான் பார்த்தார். சுண்ணாம்பு ஆட்டத்தில் உதிர்ந்தது. களிமண் கட்டிகட்டியாக விழுந்தது. கேப்பைக் கூழைப் பூசிய வாரம் எலிகள் வந்தன. சந்தனம்தான் எண்ணெய்ப் பசையோடு மழமழவென்று ஒட்டி, மெதுவாகக் காய்ந்து, காய்ந்ததை நிறத்தில் காட்டியது. மேலும், சூடு கண்டுபிடிக்க மருந்து வேண்டும் என்று கேட்டால் முதலாளி மதராசுக்கு எழுதிக் கேட்கிறேன் என்பார். சந்தனம் என்றால் மறுநாளே கட்டை வரும். தாண்டவராயன் பொய் சொல்லவில்லை. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மோட்டாருக்கு சந்தனம் பூசணும் மொதலாளி" என்றார். அதில் ஒரு சொல்லாவது பொய் உண்டா?

திருப்பதியிலிருந்து வந்த முழுக் கட்டை ஒன்றை முதலாளி இரண்டு கையாலும் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி காந்திமதியிடம் கொடுத்து, அரைத்துத் தரச் சொன்னார். வாராவாரம் வாழை இலையில் மடித்த ஒரு உருண்டை பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் போனது. இரண்டு வருஷம் ஒரு மோட்டாரும் புகையவில்லை. பெருமாள் கடாட்சம் என்றார் முதலாளி.

காந்திமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு, மூன்று பேர் சொற்பொழிவாற்றிய கல்யாணம் அவர்களுடையது. சொற்பொழிவுகளைக் காந்திமதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மயிலம் முருகனை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் சாமி படம் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. ஆகவே அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மயிலம் முருகன், ஒன்பது வருஷமாகப் பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் குடித்தனம் இருந்தார். லூர்துமேரி வீட்டில் மாதா படத்துக்கு இடப்பக்கம் அவருக்கு ஒரு ஆணி. காந்திமதி கிருத்திகைக்குக் கிருத்திகை பக்கத்து வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள்.

"அக்கா, உங்க வூட்டு ஆளு என்னிக்கு மாறப் போறாரு? இவரு எத்தினி வருசம் இங்கியே குந்திக்கினு இருப்பாரு? ஞாயித்துக்கெழம ஃபாதர் வந்தா நான் துணி போட்டு மறைக்க வேண்டியதா இருக்குது" என்பாள் லூர்துமேரி.

ஐம்பத்தொன்பது மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காணையிலிருந்து பூமாலை என்பவர் லாரியில் மல்லாட்டை மூட்டைகளோடு திண்டிவனம் மில்லுக்கு வந்தார். பூமாலையும் படிப்பகத்து ஆள்தான். மூட்டை இறங்கும் வரை ஜன்னலோரம் நின்றவர் உள்ளே பார்த்தார். பார்த்ததை அன்று மாலையே படிப்பகத்தில் கொட்டினார்.

"என் கண்ணால பாத்தேன் தோழர். மூணு மோட்டாருக்கும் சந்தனக் காப்பு. எதிர்ல நம்ம தாண்டவராயன். கையக் கட்டிக்கினு, கண்ணு சிமிட்டாம, அரை மணி நேரம் தியானம்! அப்பறம் எழுந்து போயி ஒரு குங்குமப் பொட்டு வெச்சாரு பாரு, எங்க மாமியார்கூட அவ்ளோ பக்தியா வெக்க மாட்டா."

தாண்டவராயன் பேப்பரை விரித்து வாசிக்க வாயைத் திறந்த நேரம் அது. செயலாளர் விருத்தாசலம் எழுந்தார். சைக்கிள் கடைக்காரர், எந்தக் காற்றையும் அளவுக்கு மேல் ஏற்றமாட்டார், எந்த ஓட்டையையும் விடமாட்டார்.

"பேப்பரைக் கீழ வை தோழர். நேரா பதில் சொல்லு. சந்தனம் பூசினியா?"

"பூசினேன்."

"குங்குமம்?"

"ஒரே பொட்டு. அது அடையாளத்துக்கு."

"எல்லாரும் அடையாளத்துக்குத்தான்யா வெச்சிக்கிறாங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

சூடு, பேரிங்கு, கிரீஸ் என்று தாண்டவராயன் விளக்கத் தொடங்கினார். அவர் குரலில் எதுவும் மேடைப் பேச்சாகிவிடும் என்பதால் விளக்கமும் சமாளிப்பு போலவே கேட்டது. விருத்தாசலம் கை காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் அறிவியல்னு நீ சொல்றே. அறிவியல்னா எல்லார் கண்ணுக்கும் தெரியணும். நாங்க வர்றோம். நீ பூசு. எந்த மோட்டாருக்கு எங்க சீக்குன்னு சொல்லு. அப்பறம் கருவி வெச்சு வேற ஆளு பாக்கட்டும். சரியா இருந்தா நீ நம்ம தோழர். தப்புன்னா நீ அந்தப் பக்கம். அது வரிக்கும் பேப்பர் பூமாலை வாசிப்பாரு."

பூமாலை அன்றே வாசித்தார். முற்றுப்புள்ளி என்ற ஒன்றை அவர் கேள்விப்பட்டதில்லை. மந்திரிசபைக் கூட்டமும் மாட்டுச் சந்தையும் ஒரே வாக்கியமாகக் கலந்து, எந்த மந்திரிக்கு எத்தனை பல் என்று யாருக்கும் விளங்கவில்லை. தாண்டவராயன் வாசலில் நின்று கேட்டார். தன்னைத் திட்டியது அவருக்குச் சுடவில்லை. தலையங்கத்தை அப்படி வாசித்தது சுட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு கருப்புச் சட்டைகள் திண்டிவனத்தில் இறங்கின. கருவியோடு வந்தவர் கோட்டக்குப்பத்து அப்துல் ஹலீம். மில் மில்லாகப் போய் மோட்டார்களைச் சோதிப்பது அவர் தொழில். சைகோனில் கடை வைத்திருந்த அண்ணன் அனுப்பிய மெக்கர் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. நிறுத்திய மோட்டாரில் அதைப் பூட்டிக் காபிக்கொட்டை அரைப்பது போலக் கைப்பிடியைச் சுற்றினால், சுருளிலிருந்து இரும்பு உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று முள் காட்டும். ஒரு கோடியில் பூஜ்யம். அங்கே முள் போனால் மோட்டார் கதை முடிந்தது. மறு கோடியில் எட்டைப் படுக்கப் போட்டது போல ஒரு குறி. அங்கே போனால் நூறு வயது.

விருத்தாசலம் நடுநிலையில் கறாரானவர். தாண்டவராயன் கொண்டுவந்த உருண்டையை ஒதுக்கிவைத்தார். "வூட்டுச் சரக்கு வேணாம். அதுல நீ இன்னா கலந்திருக்கியோ" என்று கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி ஒரு டப்பா சந்தனத்தூள் வாங்கிவரச் செய்தார். நல்ல மஞ்சளாக, கண்ணைப் பறிக்கும்படி இருந்தது. குழைத்துப் பூசினார்கள். மோட்டார்கள் ஓடின. ஏழு பேரும் குந்தினார்கள்.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று மோட்டார்களிலும் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பூச்சு உப்பியது. ஏதோ பலகாரம் சுடும் வாசனை வந்தது.

"எந்த எடம் தோழர்?" என்றார் விருத்தாசலம்.

ஏதாவது ஒரு இடத்தைக் காட்டியிருக்கலாம். மூன்றில் ஒன்று பலிக்கவும் கூடும். தாண்டவராயன் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல" என்றார்.

பூமாலை முகத்தில் நாளைய பேப்பர் தெரிந்தது. அப்போது அப்துல் ஹலீம் விரலால் கொஞ்சம் வழித்து மூக்கில் வைத்துப் பார்த்தார். அவர் வீட்டில் அப்பா காலம் வரை அத்தர் வியாபாரம்.

"செயலாளர் ஐயா, நீங்க பூசினது சந்தனம் இல்லீங்க. முக்காலும் மைதா. கலர் போட்டிருக்கான். இன்னும் பத்து நிமிசம் ஓட்டினா பூரி எடுத்துக்கலாம். நான் மெக்கரைத் தொறக்கவே இல்ல. பரீட்சையே நடக்கலியே, எதுக்கு மார்க்கு?"

விருத்தாசலம் யோசித்தார். கலப்படம் என்பது வியாபாரிகளின் சுரண்டல். அதற்குத் தோழரைத் தண்டிப்பது கொள்கைக்கு ஒத்துவராது. "அடுத்த ஞாயிறு. பாய் மோந்து பாத்து ஒப்புக்கினா வூட்டு சந்தனமே சரி. ஆனா மூணுக்கும் ரெண்டு பூச்சு பூசற அளவு வேணும். அதுதான் கடைசி" என்றார்.

ஒதுக்கிவைத்த உருண்டை அதற்குள் காய்ந்து கல்லாகியிருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து காந்திமதியிடம் விஷயத்தைச் சொன்னார். வழக்கமான ஒரு உருண்டை போதாது, அது போல நாலு வேண்டும் என்றார். காந்திமதி கேப்பை மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தவில்லை.

"முடியாதுங்க."

"இன்னா முடியாது? ரெண்டு வருசமா அரைக்கிறே இல்ல?"

"ரெண்டு வருசமா அரைச்சேன். மோட்டாருக்கு அரைச்சேன். கையில மணக்குது, மூக்குல மணக்குது, என் முருகனுக்கு ஒரு சிட்டிகை வெக்க முடியல. உங்க கட்டை, உங்க கொள்கை, நான் தொட்டா திருட்டு. பக்கத்து வூட்டுல இருக்கறவரு இன்னா நெனைப்பாரு?"

"படம் இன்னாத்தெ நெனைக்கும்?"

"அப்பறம் எதுக்கு அதைப் பாத்து ஒன்பது வருசமா பயந்துக்கினு இருக்கீங்க?"

தாண்டவராயன் கட்டையையும் கல்லையும் எடுத்துத் தாமே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அரைத்தார். சந்தனம் அரைப்பது பலத்தால் ஆகிற காரியமல்ல. மணிக்கட்டு ஒரே நிதானத்தில் சுற்ற வேண்டும், தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது இரண்டு கொசுக்கடிக்குப் பூசுகிற அளவு. அதிலும் மணல் போலத் திப்பி. காந்திமதி எட்டிப் பார்த்தாள்.

"இதைப் பூசினா மோட்டாருக்குச் சொறி புடிக்கும்."

"சரி, இன்னாதான் வேணும் உனக்கு?"

"அவரு நம்ம வூட்டுக்கு வரணும். அரைக்கிற சந்தனத்துல மொத சிட்டிகை அவருக்கு. ஆணி நீங்கதான் அடிக்கணும்."

"நானா?"

"நான் அடிச்சா சொவரு ஒடஞ்சிடும். நீங்கதான ஒயர்மேன்."

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அவர் இணங்கவில்லை. செவ்வாய்க்கிழமை படிப்பகத்து வாசலில் நின்று, பூமாலை ஒரு ரயில் விபத்தையும் ஒரு கல்யாண வாழ்த்தையும் சேர்த்து வாசிப்பதைக் கேட்டார். மணமக்கள் தடம் புரண்டார்கள். நேராக வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தார்.

லூர்துமேரி படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். "நல்லா பாத்துக்கோங்கண்ணே. எங்க வூட்டுல சத்தம் போடாம இருந்தாரு" என்றாள். தாண்டவராயன் ஆணி அடித்தார். ஆனாலும் வேலை வேலைதான்; மட்டம் பார்த்து, நூல் பிடித்து, ஆடாமல் அடித்தார். தம்மைப் பகுத்தறிவாளர் என்று நிரூபிப்பதற்காக வீட்டில் முருகனைக் குடியேற்றியவர் அந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்குள் நாலு உருண்டை தயார். ஈரத் துணியில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்துல் ஹலீம் முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடினார். "இதை மோட்டாருக்குப் பூசறது பாவங்க" என்றார். அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்று நினைவு வந்து, "வீண்" என்று திருத்திக்கொண்டார். பிறகு முடிவு தமக்குத் தெரியக்கூடாது என்று மெக்கர் பெட்டியோடு வெளியே போய் உட்கார்ந்தார்.

ஆறிக் கிடந்த மோட்டார்களுக்குத் தாண்டவராயன் பூசினார். மட்டையால் மேலிருந்து கீழ், ஒரே சீராக. பெல்ட் மாட்டி ஓட்டினார்கள். ஏழு கருப்புச் சட்டைகளும் வரிசையாகக் குந்தின. கண்ணைச் சிமிட்டினால் ஏமாற்றிவிடுவான் என்ற சந்தேகத்தில் யாரும் சிமிட்டவில்லை.

இருபது நிமிஷம் ஆயிற்று. பெரியவன் ஈரமாக இருந்தான். சின்னவன் ஈரமாக இருந்தான். நடுவன் விலாப்பக்கத்தில், இரும்புக் கால் மேல் அவன் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவில் கீறியது. ஏரி வற்றினால் வண்டல் வெடிப்பது போலக் கீறல் நாலு பக்கமும் ஓடியது.

"தோ! தோ! வெடிக்குது பாரு!" என்று முதலில் கத்தியவர் பூமாலை. தமக்குப் பாதகமான செய்தியைக் கத்துகிறோம் என்பது கத்தி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

தாண்டவராயன் எழுந்தார். "நடுவன். பேரிங்கு இல்ல, சுருளு. இந்த எடத்துல உள்ள சுருள் மேல்பூச்சு வெந்துக்கினு இருக்குது. இன்னும் பத்து நாள் தாங்காது." பழக்கதோஷத்தில் குங்குமத்துக்காகக் கை நீண்டது. விருத்தாசலம் பார்த்தார். கை திரும்பி வந்து, கரித்துண்டை எடுத்துத் தரையில் அம்புக்குறி போட்டது.

இந்த இடத்தில்தான் முதலாளி சீனுவாசன் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் என்று கேள்விப்பட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சந்தனக் காப்பில் மூன்று மோட்டார்கள். எதிரில் ஏழு கருப்புச் சட்டைகள் பயபக்தியோடு. ஒருவர் வாயடைத்து, கை குவிக்காத குறையாக நிற்கிறார். முதலாளி சத்தமில்லாமல் திரும்பி வீட்டுக்கு ஓடினார்.

மோட்டார்களை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, ஹலீமைக் கூப்பிட்டார்கள். பெரியவனில் பூட்டிச் சுற்றினார். முள் படுத்த எட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சின்னவனும் அப்படியே. நடுவனில் பூட்டினார். சுற்றினார். முள் எழுந்திருக்கவே மனமில்லாமல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முனகியது. இன்னொரு தடவை, ஜல்தியாகச் சுற்றினார். அதே இடம்.

"நடுவன் போயிட்டாங்க. கசிவு பலமா இருக்குது" என்றார் ஹலீம்.

மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். காற்று போகும் வழியில் மல்லாட்டைத் தொலித் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடையாகி அடைத்திருந்தது. அதற்கு நேர் பின்னால், சந்தனம் வெடித்த உள்ளங்கை அகலத்துக்கு, சுருளின் மேல்பூச்சு கருகி, தொட்டால் உதிர்ந்தது. ஏழு பேரும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். கோயிலில் தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வரிசை போலவே இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குள் முதலாளி இரண்டு குண்டான்களோடு திரும்பி வந்தார். ஒன்றில் சர்க்கரைப் பொங்கல், ஒன்றில் மல்லாட்டைச் சுண்டல். வந்ததும் அவர் கண்ணில் பட்டது மெக்கரின் படுத்த எட்டு.

"அது இன்னா பாய், எட்டு படுத்துக்கினு இருக்குது?"

"முடிவே இல்லாததுன்னு அர்த்தங்க. அளவே கிடையாது."

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "முடிவில்லாததுன்னா அனந்தம். அதுவும் படுத்துக்கினு இருக்குது. வேற யாரு? நம்ம பெருமாள்தான்! தம்பிகளா, நீங்க எல்லாம் வழிக்கு வந்துட்டீங்க, இந்தப் பெட்டியே சாட்சி. மொதல்ல பிரசாதம் எடுத்துக்குங்க."

படிப்பகத்தின் வரலாற்றிலேயே கடினமான கேள்வி இப்போது எழுந்தது. காலை ஆறு மணிக்கு ரயில் ஏறியவர்கள். பொங்கலில் நெய் மிதக்கிறது. விருத்தாசலம் குண்டானைப் பார்த்தார், தோழர்களைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சாமிக்குப் படைச்சீங்களா?"

"படைச்சுட்டுத்தான் கொண்டாறேன்."

"படைக்கும்போது இது எவ்ளோ இருந்திச்சு?"

"இதே அளவுதான்."

"அப்ப அவரு சாப்பிடலை. அதனால இது பிரசாதம் இல்ல, வெறும் பொங்கல்தான். உக்காருங்க தோழர்களே."

மாலை பாசஞ்சரில் திரும்பும்போதே தீர்மானம் எழுதப்பட்டது. தோழர் தாண்டவராயன் மோட்டாருக்குச் சந்தனம் பூசலாம். குங்குமம் கூடாது, கரித்துண்டு போதும். பூசும் பொருளைச் சந்தனம் என்று அழைப்பது பக்தியை வளர்க்கும் என்பதால் இனி அதைச் "சூடுகாட்டி" என்றே அழைக்க வேண்டும். ரயிலிலிருந்து இறங்கியதும் பூமாலையே பேப்பரை அவர் கையில் திணித்தார். "வாசி தோழர். எனக்கும் பத்து பதினஞ்சு நாளா இன்னா நடக்குதுன்னே தெரியல" என்றார். தாண்டவராயன் அன்று மல்லாட்டை விலை நிலவரத்தை இரண்டு தடவை வாசித்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அறுபதுகளில் ஊர் ஊராகப் பம்புசெட்டு வந்தபோது சூடுகாட்டி அவரைவிட வேகமாகப் பரவியது. காணையிலும் கண்டமங்கலத்திலும் கிணற்று மோட்டாருக்கு முன்னால் ஆட்கள் குந்திக்கொண்டு வெடிப்பைத் தேடினார்கள். வானூரில் ஒருவர் தம் மோட்டார் சரியில்லை என்று ஆள் அனுப்பி, "ரெண்டு உருண்டை சூடுகாட்டி குடுத்தனுப்புங்க, அப்படியே பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கும் நாலு உருண்டை" என்று சொல்லிவிட்டார். நாத்திகச் சொல் கல்யாணப் பந்தலில் ஏறிவிட்டதே என்று விருத்தாசலம் கவலைப்பட்டார். நல்ல தமிழ்ச் சொல் பரவியதே என்று சந்தோஷமும் பட்டார். எது அதிகம் என்று அவரே சொன்னதில்லை.

அந்தக் கவலையைப் பேசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தாண்டவராயன் வீட்டுக்கு வந்தார். முன்னறிவிப்பு இல்லாத வருகை. மறைக்க ஒன்பது வருஷப் பழக்கம் லூர்துமேரிக்குத்தான் உண்டு, காந்திமதிக்கு இல்லை. செயலாளர் உள்ளே வந்து, சுவரைப் பார்த்து, நின்றார். ஆடாமல், மட்டம் தவறாமல், மயிலம் முருகன். நெற்றியில் ஒரு சிட்டிகை.

"இது இன்னா தோழர்?"

தாண்டவராயன் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார்.

காந்திமதி மோர்ச் செம்போடு வந்தாள். "அதுங்களா? சூடுகாட்டியை மொதல்ல அங்க வெச்சுப் பாப்போம். சூடே இல்லாத எடத்துல வெடிக்காம இருக்கணும் இல்லீங்களா? வெடிச்சா சரக்கு மட்டம். அப்பறம்தான் மோட்டாருக்கு அனுப்பறது. பாய்கூட மோந்துதான் பாக்கறாரு. இங்க வெச்சே பாத்துடுவோம்."

விருத்தாசலம் அருகில் போனார். சைக்கிள் டியூபைத் தடவிப் பார்க்கும் விரலால் முருகன் நெற்றியில் இருந்த சிட்டிகையைத் தடவினார். ஈரமாக, வெடிப்பில்லாமல், மழமழவென்று இருந்தது. பிறகு புறங்கையை மெதுவாகப் படத்தின் மேல் வைத்தார், உள்ளங்கையை அல்ல.

"ஜில்லுன்னுதான் இருக்குது" என்றார்.

"அப்ப நல்லா ஓடறாருன்னு அர்த்தம்" என்றாள் காந்திமதி. "மோர் குடிங்க."